ஐம்பது கிராம் மிளகு

புதன்கிழமை காலை பதினொன்றரைக்கு அண்ணி ஆய்வகத்துக்குள் வந்து, கையிலிருந்த வளையலைக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

"இதை உன் மெஷின்ல போடு."

ஆய்வக அதிகாரி தலை நிமிர்ந்தாள். அண்ணியின் கணவருக்கு ஒரே தங்கை. வீட்டில் அவளைத் தசமம் என்று கூப்பிடுவார்கள். பள்ளிக்கூடத்தில் கணக்கில் தொண்ணூற்றொன்பதரை வாங்கிவிட்டு, போன அரை மார்க்குக்கு மறுகூட்டல் கேட்டவள்.

"செருப்பை வெளியில விட்டுட்டு வாங்க அண்ணி."

"விட்டாச்சு. வளையலைப் போடு."

"இது மிளகு நிறுக்கற மெஷின்."

"மிளகை ஒழுங்கா நிறுத்திருந்தா நான் ஏன் வளையலைக் கழட்டறேன்?"

அறையில் ஆய்வகத்தின் ஸ்டோர் கீப்பரும், உதவி அமைப்புகளிலிருந்து வந்த இருவரும் இருந்தார்கள். மூவரும் சுவரைப் பார்த்தார்கள்.

அண்ணன் லாரி கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர். அந்த வேலையை விட்டுவிட்டு மிளகுத் தூள் பாக்கெட் போட ஆரம்பித்தார். ஐம்பது கிராம் பாக்கெட். வெளிநாட்டு வியாபாரி ஒருவர் முதல் ஆர்டர் கொடுத்தார். நிபந்தனை ஒன்றுதான். எந்தப் பாக்கெட்டும் ஐம்பதுக்குக் கீழே இறங்கக் கூடாது. இறங்கவில்லை என்று அரசு ஆய்வகம் சான்றிதழ் தர வேண்டும். ஊரில் அப்படிப்பட்ட ஆய்வகம் ஒன்றுதான். சான்றிதழில் கையெழுத்துப் போடும் அதிகாரம் தசமத்துக்கு மட்டும்.

அண்ணன் சந்தோஷப்பட்டார். "நம்ம வீட்டுப் பொண்ணு," என்றார்.

நம்ம வீட்டுப் பொண்ணு நேற்று பத்துப் பாக்கெட்டைப் பிரித்து நிறுத்தாள். பத்தும் குறைந்தன. பெரிய குறைவு இல்லை. ஒரு சிட்டிகை. அவள் சிவப்பு முத்திரை குத்தினாள்.

"என் தராசுல அம்பதுக்கு மேல காட்டிச்சே," என்றார் அண்ணன்.

"உன் தராசு கடைத்தெருவுல வாங்கினது. இது சர்வதேசத் தரம்."

"அப்ப நான் எடை குறைச்சுப் போடறவனா?"

"நான் அப்படிச் சொல்லலைண்ணா. மெஷின் சொல்லுது."

அதற்குமேல் அண்ணன் அவளிடம் பேசவில்லை. அண்ணி பக்கம் திரும்பினார்.

"அவகிட்ட சொல்லு. எல்லாப் பாக்கெட்டையும் வெட்டி, ஒவ்வொண்ணுலயும் ஒரு ஸ்பூன் கூடப் போட்டு, நாளைக்கு வேற சாம்பிள் அனுப்பறேன்னு சொல்லு."

தசமம் ஓரடி தள்ளித்தான் நின்றிருந்தாள். அண்ணி அதை அவளிடம் அப்படியே சொன்னாள்.

இது நேற்று. இன்று அண்ணி தனியாக வந்திருந்தாள்.

"விடிஞ்சதுலேருந்து வெட்டிட்டிருக்கார். அடுத்த ஆர்டருக்கு வச்சிருந்த மூட்டையப் பிரிச்சாச்சு. எங்க லாபமே அந்த ஒரு ஸ்பூன்லதான் இருக்கு. அதை அள்ளி அள்ளிப் போட்டுட்டிருக்கார். நாளைக்குக் காலைல லாரி வருது. போடு வளையலை."

தசமம் கையுறை மாட்டினாள்.

அந்த ஆய்வகம் கூட்டுத் தொழில்நுட்ப உதவியில் உருவானது. சின்ன நாட்டுக்காரர்கள் பெரிய சந்தைக்குச் சரக்கு அனுப்பப் பழக வேண்டும் என்று இரண்டு அமைப்புகள் முடிவு செய்தன. ஒன்று கருவி தரும். மற்றது பயிற்சி தரும். தனித்தனியாகச் செய்தால் வேலை இரட்டிப்பாகும் என்பதால் சேர்ந்து செய்தன. அதனால் எல்லாக் கடிதமும் இரண்டு முறை வந்தது.

கருவி அமைப்பின் பிரதிநிதி உயரமானவர். அவருக்கு நெட்டை சார் என்று பெயர். பயிற்சி அமைப்பின் பிரதிநிதி பயிற்சி மேடம். இருவரையும் சேர்த்துச் சொல்ல ஸ்டோர் கீப்பரிடம் ஒரு சொல் இருந்தது. சம்பந்திங்க. பார்த்தால் சிரித்துக்கொள்வார்கள். பேனரில் யார் பெயர் முதலில் என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள்.

சின்னம் விஷயத்தில் ஒப்பந்தம் கறாராக இருந்தது. உதவியாக வந்த ஒவ்வொரு பொருள்மீதும் இரு அமைப்புகளின் சின்னமும் இருக்க வேண்டும். சம அளவில். மடங்காமல். இரு தரப்பும் ஒப்புக்கொள்ளாமல் அகற்றினால் பொருளைத் திருப்பித் தர வேண்டும். ஸ்டிக்கர்கள் இரண்டு கட்டாக வந்தன. தசமம் ஒரு பொருளையும் விடவில்லை. மேசை, நாற்காலி, ஏசி, ஏசியின் ரிமோட், குப்பைக்கூடை. துடைப்பம் மட்டும் தப்பியது. அது ஸ்டோர் கீப்பர் சொந்தமாக வாங்கியது.

இன்று சம்பந்திகள் வந்ததற்குக் காரணம் உண்டு. ஆய்வகத்தின் முதல் சான்றிதழ், முதல் ஏற்றுமதி. படம் எடுத்து வெற்றிக் கதை என்று அனுப்ப வேண்டும். பேனரோடு வந்தார்கள். வந்த பிறகுதான் வெற்றி தோற்றுவிட்டது தெரிந்தது.

தசமம் வளையலைத் தட்டில் வைத்துக் கண்ணாடிக் கதவை மூடினாள். எண்கள் ஓடி நின்றன.

"பதினொண்ணு புள்ளி ஒம்பது நாலு."

"பன்னண்டு," என்றாள் அண்ணி. "எங்கப்பா போட்டது. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் பன்னண்டுதான். பார்த்தியா உன் மெஷின் லட்சணத்தை?"

"தேய்ஞ்சிருக்கும்மா," என்றார் ஸ்டோர் கீப்பர்.

"எப்படித் தேயும்? விசேஷத்துக்குத்தான் போடறேன். இதை வச்சு நான் பாத்திரமா தேய்க்கறேன்?"

"மெஷின் தப்பா இருக்க வாய்ப்பில்ல அண்ணி," என்றாள் தசமம். "தினமும் காலைல எடைக்கல் வச்சு சரிபார்க்கறேன். இன்னைக்கும் பார்த்தேன்."

"அப்ப?"

"தங்கம் குறையா இருக்கு."

அண்ணி வளையலைப் பார்த்தாள். மெஷினைப் பார்த்தாள். சண்டைக்கு வந்தவள் முகத்தில் வேறொரு சண்டை உருவாகிக்கொண்டிருந்தது.

"கல்யாணத்தப்ப அந்த நகைக்கடைக்காரன் எங்கப்பாவுக்குக் கூல்டிரிங்ஸ் வாங்கிக் குடுத்தான்," என்றாள். "நாங்கூட நல்ல மனுஷன்னு நினைச்சேன். கூல்டிரிங்ஸ் என் வளையல்லேருந்துதான் வந்திருக்கு."

"அண்ணி, அவசரப்படாதீங்க."

"நான் அவசரப்படலை. அவனை உரிச்சுட்டு வந்துடறேன்."

போய்விட்டாள். செருப்பு போடும் சத்தம் வெளியே பலமாகக் கேட்டது.

பிறகு ஸ்டோர் கீப்பர் மோதிரத்தை முறுக்கிக் கழற்றத் தொடங்கினார். வரவில்லை. கை கழுவும் சோப்பைப் போட்டார். வந்தது.

"சும்மா ஒரு இதுக்குத்தான் மேடம்," என்றார். "மாமனார் போட்டது. நாலு கிராம்."

மூன்று புள்ளி ஒன்பது எட்டு.

ஸ்டோர் கீப்பர் நாற்காலியில் உட்கார்ந்தார். "பண்டிகை, நல்ல நாள்னா அந்த மனுஷன் காலைத்தான் முதல்ல தொடுவேன்," என்றார். "பெரியவர், பெரியவர்னு." போனை எடுத்து மனைவியைக் கூப்பிட்டார். "உங்கப்பா வீட்ல இருக்காரா? இல்ல, ஒண்ணுமில்ல. இருக்காரான்னு மட்டும் சொல்லு."

பயிற்சி மேடம் சங்கிலியைக் கழற்றினார். பதினாறு கிராம், ரசீது வீட்டில் இருக்கிறது என்றார். பதினைந்து புள்ளி ஒன்பது இரண்டு காட்டியது. அவர் வாயைக் கையால் பொத்திக்கொண்டார்.

நெட்டை சார் சிரித்தார். "எல்லாம் பார்த்து வாங்கணும் மேடம். என் மோதிரம் நானே நின்னு நிறுத்து வாங்கினது. ஆறு. என்னை ஏமாத்த ஒருத்தன் பொறந்து வரணும்."

ஐந்து புள்ளி ஒன்பது ஏழு.

"பொறந்துட்டான் சார்," என்றார் ஸ்டோர் கீப்பர்.

தசமம் ஒரு தாளில் நான்கு எடைகளையும் எழுதினாள். பக்கத்தில் குறைவை எழுதினாள். வகுத்தாள். பேனாவைக் கீழே வைத்தாள்.

"எல்லாம் ஒரே கடையா?" என்றாள்.

ஒரே கடை இல்லை. ஒரே ஊர்கூட இல்லை.

"எல்லாத்துலயும் நூத்துக்கு அரை குறையுது. ஒரே அளவு. உங்க மாமனாரும், சார் போன கடைக்காரனும், அண்ணியோட நகைக்கடைக்காரனும் பேசி வச்சுக்கிட்டா திருடியிருப்பாங்க?"

"எங்க மாமனார் செய்வார்," என்றார் ஸ்டோர் கீப்பர். போனை வைத்துவிட்டார்.

தசமம் எடைக்கல் பெட்டியைத் திறந்தாள்.

பெட்டிக்குள் பஞ்சுத் துணியில் எஃகுக் கற்கள் வரிசையாக நின்றன. மிகச் சிறியவை நகம் போன்ற தகடுகள். ஸ்டிக்கர் அவற்றைவிடப் பெரியது. மடக்கக் கூடாது என்பதால் இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டு பட்டாம்பூச்சிபோல உட்கார்ந்திருந்தன. அவற்றை அவள் பயன்படுத்துவதில்லை. பயன்படுத்துவது ஐம்பது கிராம் கல்லை. விரல் தடிமன். ஒரு பக்கம் கருவி அமைப்பின் நீலச் சின்னம். மறுபக்கம் பயிற்சி அமைப்பின் பச்சைச் சின்னம். சம அளவு. இடுக்கியால், குமிழி விழாமல், அவளே ஒட்டியவை. அந்தப் பெட்டியைப் படம் எடுத்து அனுப்பியபோது பாராட்டுக் கடிதம் இரண்டு முறை வந்தது.

தினமும் காலையில் அந்தக் கல்லைத் தட்டில் வைத்துப் பொத்தானை அழுத்துவாள். இதுதான் ஐம்பது என்று மெஷின் கற்றுக்கொள்ளும். கல், பசை, இரண்டு சின்னம், எல்லாம் சேர்ந்து ஐம்பது என்று அது நம்பிக்கொண்டிருந்தது. அதன்பிறகு தட்டில் எதை வைத்தாலும் குறைத்துத்தான் காட்டும்.

மீந்த ஸ்டிக்கரில் நீலம் ஒன்று, பச்சை ஒன்று கிழித்துத் தட்டில் வைத்தாள். கால் கிராமுக்குக் கொஞ்சம் குறைவு.

"அண்ணன் பாக்கெட் சரியாத்தான் இருந்திருக்கு," என்றாள். மறுபடி சொன்னாள்.

நெட்டை சார் குனிந்து கல்லைப் பார்த்தார். "ரொம்ப நேர்த்தியா ஒட்டியிருக்கீங்கம்மா," என்றார்.

"போன் பண்ணிச் சொல்லிடுங்க மேடம்," என்றார் ஸ்டோர் கீப்பர். "வெட்டறதை நிறுத்தட்டும்."

தசமம் போனை எடுத்தாள். கீழே வைத்தாள். "சரிபார்க்காம எப்படிச் சொல்றது? நேத்து ஒண்ணு சொன்னேன். இன்னைக்கு ஒண்ணு சொல்லி, அதுவும் தப்பா இருந்தா? ஸ்டிக்கரை எடுத்துட்டு நிறுத்துப் பார்த்துட்டுச் சொல்றேன். அஞ்சு நிமிஷம்."

இடுக்கியை எடுத்தாள். பயிற்சி மேடம் அவள் கையைப் பிடித்தார்.

"ஒப்பந்தம்," என்றார்.

"தெரியும் மேடம். ரெண்டு பேரும் இங்கதானே இருக்கீங்க. சரின்னு சொல்லுங்க."

சம்பந்திகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எங்களுக்கு ஆட்சேபணையே கிடையாது," என்றார் நெட்டை சார். "பச்சையை எடுங்க. பாதி எடை குறைஞ்சிடும். போதாது?"

"ஏன், நீலத்தை எடுத்தா குறையாதா?" என்றார் பயிற்சி மேடம்.

"கருவி எங்களுது மேடம்."

"அதைத் தொடக் கத்துக்குடுத்தது நாங்க."

"ரெண்டையும் எடுக்கணும்," என்றாள் தசமம்.

இருவரும் தலைமையகத்தைக் கூப்பிட்டார்கள். நெட்டை சார் ஜன்னல் பக்கம் நின்று பேசினார். பயிற்சி மேடம் கதவுப் பக்கம் நின்று பேசினார். இரண்டு பக்கமும் ஒரே பதில் வந்தது. நமக்குச் சம்மதம், முதலில் அவர்கள் எடுக்கட்டும்.

"எடுக்காமலே ஒரு வழி இருக்கு," என்றார் பயிற்சி மேடம். "ஸ்டிக்கர் எடையைக் கழிச்சுக் கணக்குப் போடலாம். அதுக்குன்னு ஒரு சின்னப் பயிற்சி. அடுத்த மாசம் வச்சுக்கலாம்."

"கணக்குல மனுஷன் தப்பு பண்ணுவான்," என்றார் நெட்டை சார். "ஸ்டிக்கர் எடையைக் கழிக்கிற மெஷினே இருக்கு. எழுதிக் கேட்டா வரும்."

"அதுலயும் ஸ்டிக்கர் ஒட்டணுமே சார்," என்றார் ஸ்டோர் கீப்பர்.

தசமம் கடிகாரத்தைப் பார்த்தாள். அண்ணன் கை வேகம் அவளுக்குத் தெரியும். கோபத்தில் இன்னும் வேகம்.

"ரெண்டு பேரும் சேர்ந்து எடுங்க," என்றாள். "ஒரே நேரத்துல. நீங்க நீலத்தைப் பிடிங்க. நீங்க பச்சையைப் பிடிங்க. கூட்டு நீக்கம்னு எழுதிக்கலாம்."

அந்தச் சொல் இருவருக்கும் பிடித்திருந்தது. பேனரைப் பின்னால் மாட்டினார்கள். யார் இடப் பக்கம் என்று கொஞ்ச நேரம் போயிற்று. நாணயம் சுண்டலாம் என்றார் ஸ்டோர் கீப்பர். யார் சுண்டுவது என்று இன்னும் கொஞ்ச நேரம் போயிற்று. கடைசியில் படத்தை இரண்டாக எடுப்பது, இடம் மாறி நின்று இன்னொன்று எடுப்பது என்று ஆயிற்று.

தசமம் கையுறைக் கையால் கல்லைப் பிடித்துக்கொண்டாள். ஸ்டிக்கர்களின் முனையை இடுக்கியால் நிமிர்த்திவிட்டாள். சம்பந்திகள் ஆளுக்கொரு முனையை இரண்டு விரலால் பிடித்தார்கள். கல் சின்னது. தலைகள் முட்டின.

"மூணு சொன்னதும் இழுங்க," என்றார் ஸ்டோர் கீப்பர், போனைக் கண்ணுக்கு நேராகப் பிடித்தபடி. "ஒண்ணு. ரெண்டு. மூணு."

யாரும் இழுக்கவில்லை. இருவரும் மற்றவர் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மூணு சொல்லிட்டேன் சார்."

"அவங்க இழுக்கட்டும்னு பார்த்தேன்."

"நான் உங்களுக்காகத்தான் வெயிட் பண்றேன்."

"மறுபடி சொல்லட்டுமா?"

"கெட்டியாப் பிடிச்சுக்கங்க," என்றாள் தசமம். "விட்டுடாதீங்க. போட்டோல சின்னம் தெளிவாத் தெரியணும்."

இருவரும் கெட்டியாகப் பிடித்தார்கள். தசமம் கல்லை வெடுக்கென்று தன் பக்கம் இழுத்தாள். கல் அவள் கைக்கு வந்தது. ஸ்டிக்கர்கள் அவர்கள் கையில் தங்கின.

"கண்ணை மூடிட்டீங்க சார்," என்றார் ஸ்டோர் கீப்பர். "இன்னொரு தடவை பண்ணலாமா?"

ஸ்பிரிட் தொட்டுப் பசையைத் துடைத்தாள். கல் உலரும்வரை நின்றாள். மெஷினுக்குப் புதிதாகக் கற்பித்தாள். ஸ்டோர் கீப்பரின் மோதிரத்தை முதலில் வைத்தாள். நான்கு. ஸ்டோர் கீப்பர் பெருமூச்சு விட்டார். மாமனார் வீட்டுக்கு ஒரு கூடை பழம் வாங்கிப் போக வேண்டும் என்றார். சங்கிலி பதினாறு. நெட்டை சாரின் மோதிரம் ஆறு.

"நான்தான் சொன்னேனே," என்றார் நெட்டை சார்.

பிறகு நேற்றைய மிளகு. பத்துப் பாக்கெட்டும் தனித்தனிக் கிண்ணத்தில் மூடி வைத்திருந்தாள். ஒவ்வொன்றாக நிறுத்தாள். ஐம்பதுக்கு மேலே ஒரு துளி. எல்லாமே அப்படித்தான். யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு போட்டதுபோல் ஒரே மாதிரி.

"சரிதானேம்மா, கூப்பிட்டுச் சொல்லிடுங்க," என்றார் பயிற்சி மேடம்.

"இன்னொரு தடவை பார்த்துடறேன்."

இன்னொரு தடவை பார்த்தாள். அதற்குள் வெயில் ஜன்னலின் மறுபக்கம் போய்விட்டது.

அண்ணனைக் கூப்பிட்டாள். மணி அடித்தது. நின்றது. மறுபடி கூப்பிட்டாள். இந்தத் தடவை அடிக்கும்போதே வெட்டிவிட்டார். மூன்றாவது தடவை போன் அணைந்திருந்தது.

அண்ணியைக் கூப்பிட்டாள்.

"அண்ணி, ஒரு விஷயம்..."

"அப்புறம் பேசறேன். இங்க ஒருத்தனைக் கல்லாவுல உக்காரவச்சுக் கேள்வி கேட்டுட்டிருக்கேன்."

"அண்ணி, நகைக்கடைக்காரர் மேல தப்பில்ல. மெஷின்..."

"அவனும் அதையேதான் சொல்றான். போனை வை."

தசமம் பச்சை முத்திரையையும் சான்றிதழையும் பையில் போட்டுக்கொண்டாள். ஸ்டோர் கீப்பர் ஸ்கூட்டரை எடுத்தார். சம்பந்திகளும் கிளம்பினார்கள். கூட்டுத் திட்டம் என்றாலும் வண்டி இரண்டு. யாருடைய வண்டி முன்னால் போவது என்று முடிவாகாததால் சேர்ந்தே போயின. அண்ணனின் கொட்டகை இருந்த தெரு குறுகலானது. தெருமுனையில் இரண்டு வண்டியும் பக்கத்தில் பக்கத்தில் நுழைந்து மாட்டிக்கொண்டன. பின்னால் ஒரு தண்ணீர் லாரி ஹாரன் அடித்தது. தசமம் திரும்பிப் பார்க்கவில்லை.

கொட்டகைக்குள் மிளகு நெடி கண்ணைக் கரித்தது. பெட்டிகள் கூரை வரை அடுக்கியிருந்தன. நீளமான மேசையின் இரண்டு பக்கமும் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். எல்லார் மூக்கிலும் துணி. மேசைக் கடைசியில் அண்ணன் நின்றார். தலை, புருவம், சட்டை எல்லாம் மிளகுத் தூள். கையில் ஒரு பாக்கெட். வாயை மெஷினில் வைத்து ஒட்டினார். பெட்டியில் போட்டார். பெட்டியை டேப்பால் சுற்றினார்.

பக்கத்தில் மூட்டை ஒன்று காலியாக மடிந்து கிடந்தது.

"அண்ணா," என்றாள் தசமம்.

அண்ணன் பக்கத்திலிருந்த பெண்ணிடம் சொன்னார்: "மேடத்துக்கு ஒரு ஸ்டூல் போடும்மா. கடைசிப் பெட்டி இப்பதான் ஒட்டினோம்னு சொல்லு. எதுலேருந்து வேணும்னாலும் சாம்பிள் எடுத்துக்கலாம்னு சொல்லு."

"ஸ்டூல்," என்றாள் அந்தப் பெண். மிச்சத்தைச் சொல்லுமுன் தும்மினாள்.

"கடைசிப் பெட்டியா?"

"கடைசிப் பெட்டிதான்னு சொல்லும்மா."

தசமம் ஸ்டூலில் உட்காரவில்லை. வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த வாக்கியம் நீளமானது. அதில் அளவுத்திருத்தம் என்ற சொல் இருந்தது. சின்னம், ஒப்பந்தம், இரு தரப்பு எல்லாம் இருந்தன. அதை விட்டுவிட்டாள்.

"நேத்து நீ குடுத்தது சரியா இருந்துச்சு. பத்தும் சரி. என் எடைக்கல்லு மேல நான் ஸ்டிக்கர் ஒட்டிட்டேன்."

மேசையில் கைகள் நின்றன. ஒரு பெண் மூக்குத் துணியை இறக்கினாள்.

"எடைக்கல்லு மேல," என்றார் அண்ணன். அந்தப் பெண்ணைப் பார்த்துத்தான் சொன்னார்.

"ரெண்டு ஸ்டிக்கர்."

"எதுக்குன்னு கேளும்மா."

"எல்லாப் பொருள்லயும் ஒட்டணும்னு சொன்னாங்க."

"மேடத்தை மாதிரி ஒருத்தி," என்றார் அண்ணன், "ஊர்லயே கிடையாதுன்னு சொல்லும்மா."

அப்போது அண்ணி வந்தாள். கையில் வளையல் இருந்தது. முகம் சிவந்திருந்தது. யாரையும் பார்க்காமல் வந்து, மடிந்து கிடந்த மூட்டைமேல் உட்கார்ந்தாள்.

"பன்னண்டுதான்," என்றாள். "அவன் மூணு தராசுல போட்டுக் காட்டிட்டான். பக்கத்துக் கடைத் தராசுல வேற. நான் திட்டினதெல்லாம் கேட்டுட்டு, கடைசில எனக்கும் ஒரு கூல்டிரிங்ஸ் வாங்கிக் குடுத்தான். குடிச்சுட்டு வந்தேன். இனிமே அந்தத் தெருப் பக்கம் நான் போக முடியாது." காலுக்குக் கீழே பார்த்தாள். "இது எந்த மூட்டை?"

அண்ணி எழுந்து மூட்டையைத் தூக்கி உதறினாள். கொஞ்சம் தூள் விழுந்தது.

"முழுசுமா?"

"முழுசும்," என்றார் அண்ணன்.

"மெஷின்தான் தப்பாமே."

"அதைத்தான் சொல்ல வந்திருக்கா."

"எப்பத் தெரிஞ்சுது உனக்கு?" என்று அண்ணி தசமத்தைக் கேட்டாள்.

"நீங்க போன கொஞ்ச நேரத்துல."

"அப்பவே வந்து சொல்றதுக்கென்ன?"

"சரிபார்த்துட்டு வரலாம்னு."

அண்ணி அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் கூரையைப் பார்த்தார். அவர் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று தசமம் நினைத்தாள். மிளகு நெடியில் எதுவும் நிச்சயமாகத் தெரியவில்லை. பிறகு சத்தம் வந்தது. சிரித்துக்கொண்டிருந்தார். சிரிப்பு தும்மலாகி, தும்மல் சிரிப்பாகி, கடைசியில் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

வாசலில் சம்பந்திகள் தெரிந்தார்கள். வண்டியை விட்டுவிட்டு நடந்து வந்ததில் மூச்சு வாங்கியது. பேனரின் ஒரு முனை நெட்டை சாரிடம், மறுமுனை பயிற்சி மேடத்திடம்.

"வாழ்த்துகள் சார்," என்றார் பயிற்சி மேடம். "முதல் சான்றிதழ். அந்தப் பெட்டிகளுக்கு முன்னாடி ஒரு படம் எடுத்துக்கலாமா?"

"பாக்கெட்டைக் கையில வச்சுக்கிட்டு," என்றார் நெட்டை சார். "சின்னம் மறைக்காம."

அண்ணி பேனரை இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசி வரை படித்தாள். "கூட்டு உதவின்னு போட்டிருக்கு," என்றாள்.

"ஆமாம்மா."

"நல்லதாப் போச்சு. வாங்க. செருப்பை அங்க விட்டுட்டு உக்காருங்க. சார், நீங்க அந்தப் பக்கம். மேடம், நீங்க இந்தப் பக்கம். துணி தர்றேன், மூக்கைக் கட்டிக்கங்க."

சம்பந்திகள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். யார் முதலில் உட்காருவது என்று காத்தார்கள். அண்ணி இரண்டு ஸ்டூலையும் அவர்கள் முழங்காலுக்குப் பின்னால் தள்ளினாள். ஒரே நேரத்தில் உட்கார்ந்தார்கள்.

தசமம் பையிலிருந்து சான்றிதழை எடுத்தாள். நேற்றைய பத்துப் பாக்கெட்டின் எடையும் அதில் இருந்தது. எல்லாம் ஐம்பதுக்கு மேல். கையெழுத்துப் போட்டு, பச்சை முத்திரை குத்தி, அண்ணனிடம் நீட்டினாள். அண்ணன் கையை வேட்டியில் துடைத்துவிட்டு வாங்கினார். மேலிருந்து கீழே படித்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

பெட்டிகளைப் பார்த்தார். அடுக்கிலிருந்து மேல் பெட்டியை இறக்கி, டேப்பைக் கிழித்து, ஒரு பாக்கெட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். ஒட்டிய இடத்துக்குக் கீழே பையின் கழுத்தில் இன்னும் ஒரு விரல் இடமிருந்தது. வெட்டி மறுபடி ஒட்டலாம்.

கத்தரிக்கோலையும் ஸ்பூனையும் எடுத்துக்கொண்டு தங்கை எதிரில் வந்து நின்றார். பக்கத்திலிருந்த பெண் அவர் சொல்வதை வாங்கிச் சொல்லத் தயாராக நிமிர்ந்தாள். அண்ணன் அவளைப் பார்க்கவில்லை.

"இந்தா தசமம். லாரி வர்றதுக்குள்ள எல்லாத்துலேருந்தும் ஒரு ஸ்பூன் திரும்ப எடுக்கணும். நீ வெட்டறியா, அள்ளறியா?"